மாஸ்டர் பக்கத்து பிரேக்

சிஸ்டர் பிரேக்கை மிதித்தாள். எப்போதும் மிதிக்கிற அதே அளவு, அதே பதம். வண்டி நிற்கவில்லை. வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் போய், வரிசையாக வைத்திருந்த ரப்பர் கூம்புகளில் இரண்டைச் சாய்த்து, மூன்றாவதைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே போய், அப்புறம்தான் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் முன்னால் சரிந்து, மடியில் விழுந்த மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "போதும்மா, இறங்குங்க" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. மைதானத்து ஓரம் மரத்தடியில் நின்றிருந்த மாஸ்டருக்கு வலது கால் தன்னால் முன்னே நீண்டு தரையை அழுத்திக்கொண்டிருந்தது. செருப்பு முனை பதிந்து மண்ணில் குழியே விழுந்துவிட்டது.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். சிஸ்டர் என்றால் அவருடைய மனைவி. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து போன வருஷம்தான் ரிட்டயர் ஆனாள். வார்டில் கூப்பிட்ட பெயர் தெருவுக்கும் வந்து, தெருவிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. "மாஸ்டரும் சிஸ்டரும் வந்திருக்காங்க" என்று யாராவது உள்ளே குரல் கொடுத்தால், விஷயம் தெரியாதவர்கள் அண்ணன் தங்கை என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். மாஸ்டருக்கு அதில் ரொம்ப நாளாக ஒரு சிரிப்பு. "இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினா எல்லாரும் அப்படித்தான்யா ஆயிடறோம்" என்பார். அவள் பக்கத்தில் இல்லாதபோதுதான் சொல்வார்.

ரிட்டயர் ஆனவளுக்கு வீட்டில் உட்காரத் தெரியவில்லை. முதல் மாசம் அலமாரிகளைத் துடைத்தாள். இரண்டாவது மாசம் துடைத்த அலமாரிகளையே துடைத்தாள். மூன்றாவது மாசம் ஒரு வேலையைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தாள். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்கிற வேலை. கட்டு மாற்றுவது, ஊசி போடுவது, முதுகுப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது. வேலை கொடுக்கிற ஆட்களே கார் கொடுப்பார்கள், லைசென்ஸ் மட்டும் இருந்தால் போதும். "உங்க கையில ஊர் முழுக்கக் கத்துக்குது, எனக்குக் கத்துக்கொடுக்க மாட்டீங்களா?" என்று அவள் கேட்டபோது மாஸ்டருக்குத் தலை கால் புரியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் ஒரு வேலையாக அவள் கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை. மற்றதையெல்லாம் அவளே பார்த்துக்கொண்டு பழகிவிட்டாள்.

மாஸ்டருடைய பாடம் கறார் பாடம். ஸ்கூல் வண்டியில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. அவர் மிதித்தால் ஓட்டுகிறவர் பக்கத்துப் பெடலும் சேர்ந்து கீழே போகும். ஆனால் ஆபத்து என்றால் ஒழிய மிதிக்க மாட்டார். நடுரோட்டில் வண்டி ஆஃப் ஆகட்டும், பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடிக்கட்டும், நாலு பேர் திட்டட்டும், அப்போதுதான் கால் கற்றுக்கொள்ளும் என்பது அவர் கட்சி. அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது கண் கலங்கியவர்கள்தான். பெரிய பெரிய ஆபீசர்களெல்லாம் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மனைவியிடம் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. முதல் நாள் சிக்னலில் வண்டி ஆஃப் ஆனது. பின்னால் ஹாரன்கள் கத்தின. அவளுடைய கை ஸ்டியரிங்கில் நடுங்கியதை மாஸ்டர் பார்த்தார். நரம்பே கிடைக்காத கிழவர்களுக்கெல்லாம் ஒரே குத்தில் ஊசி ஏற்றிய கை. கை லேசு என்று வார்டு முழுக்கப் பேர் வாங்கிய கை. அது நடுங்கியது அவருக்குத் தாங்கவில்லை. மறுநாளிலிருந்து அவர் கால் தானாக வேலை செய்ய ஆரம்பித்தது. அவள் கிளட்சை விடும்போது இந்தப் பக்கமிருந்து பதமாகப் பிடித்துக்கொள்வார். அவள் பிரேக்கைத் தொட்டால் போதும், மீதியை இவர் அழுத்திவிடுவார். ஒரு குலுங்கல் இல்லை, ஒரு உதறல் இல்லை. "பரவாயில்லையே, தன்னால வருதே" என்று அவள் முகம் மலரும். "உனக்குக் கைவந்த கலை" என்பார் மாஸ்டர், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

இதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது. ஆம்பிளை வயசைத் தெரிந்துகொள்ள நரையைப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் பொண்டாட்டியை வைத்துக்கொண்டு எப்படி ஓட்டுகிறான் என்று பார்த்தால் போதும் என்பது அவர் வெகுகாலமாகச் சொல்லிவருவது. ஸ்கூல் வண்டிகளைப் பழுது பார்க்கிற மெக்கானிக்கிடம் டீ குடிக்கும்போதெல்லாம் இதை எடுத்து விடுவார். இளவட்டம் ரோட்டைப் பார்க்க மாட்டான், அவள் பார்க்கிறாளா என்று பார்ப்பான். நடு வயசுக்காரன் பக்கத்து சீட்டில் ஆள் இருப்பதையே மறந்துவிடுவான், பை வைத்திருக்கிற மாதிரிதான் அவனுக்கு. வயசானவன் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுவான், அவளுக்கு இடுப்பு வலி என்று அவனுக்குத் தெரியும். "அவளுக்கே தெரியாம பண்ணுவான் பாரு, அதான்டா விஷயம்" என்று முடிப்பார். தான் அந்தக் கடைசி ரகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டதில் மாஸ்டருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

டெஸ்ட் அன்றைக்குப் பழைய இன்ஸ்பெக்டராக இருந்திருந்தால் பின்சீட்டில் உட்கார்ந்து பேப்பரில் டிக் அடித்துவிட்டுப் போயிருப்பார். புதிதாக வந்தவர், "மாஸ்டர், நீங்க இறங்கி அந்த மரத்தடியில நில்லுங்க" என்று சொல்லிவிட்டார். ஏறி உட்கார்ந்து, காலைப் பின்னுக்கு இழுத்து சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். மாஸ்டர் மரத்தடி வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள் முன்சீட்டில் உட்காரவில்லை. பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். வாடகை வண்டியில் போகிறவள் மாதிரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். பாதி வழியில்தான் பேசினாள்.

"இன்னிக்குப் பெடல் கல்லு மாதிரி இருந்துச்சு. எப்பவும் மெத்துன்னு கூடவே கீழ போகும்."

மாஸ்டர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை.

"எத்தனை நாளா மிதிக்கிறீங்க? முதல் நாள்லேர்ந்தா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டாவது நாள்லேர்ந்து" என்றார்.

உண்மையைச் சொல்வதிலும் ஒரு நேரம் காலம் இருக்கிறது. அதற்கப்புறம் வீடு வரும்வரை மாஸ்டரே வாயைக் கொடுத்தார். நல்லதுக்குத்தான் பண்ணினேன் என்றார். நீ பயந்துபோயிட்டே, அதான் என்றார். அடுத்த டெஸ்ட்டுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு, அதுக்குள்ள தேத்திடலாம் என்றார். கடைசியில் வீட்டு வாசலில் இறங்கிக் கதவைச் சாத்துவதற்கு முன் அவள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ஊசி போடும்போது வலிக்கவே வலிக்காதுன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. கொஞ்சம் வலிக்கும், கையைத் தளர்வா வச்சுக்கோங்கன்னுதான் சொல்லுவேன். சின்னக் குழந்தைகிட்ட கூட."

மறுநாள் இன்னொன்றும் சொன்னாள். துணி மடித்துக்கொண்டே சொன்னாள், சாதாரணமாக. "எதிர்த்தெரு டிரைவிங் ஸ்கூல்ல பேசிட்டேன். திங்கக்கிழமைலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க."

மாஸ்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மாஸ்டர் பொண்டாட்டி எதிர்த்தெரு ஸ்கூலில் வண்டி பழகுகிறாள் என்றால் ஊரே சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். அதுகூடப் பெரிசில்லை. அவள் பின்சீட்டில் போய் உட்கார்ந்தாளே, அதுதான் நெஞ்சில் அடைத்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. இனிமேல் எங்கே போனாலும் அவள் பின்னால்தான் உட்காருவாளோ, கண்ணாடியில் பார்த்துத்தான் பேச வேண்டியிருக்குமோ என்று நினைத்தபோது அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

பழைய காலத்தில் என்றால் இதற்கெல்லாம் அவரிடம் வைத்தியம் இருந்தது. அவள் அப்போது நர்ஸ் படிப்பு முடித்துப் புதிதாக வேலைக்கு வந்திருந்தாள். அவர் ஆக்சிஜன் சிலிண்டர் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிற வேன் டிரைவர். சிலிண்டரை இறக்கிவிட்டு, சிநேகிதனிடம் இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் கேட் பக்கம் வந்து நிற்பார். ஹாஸ்டலில் கொண்டுபோய் விடுகிறேன் என்பார். நடந்து போனாலே சீக்கிரம் போய்விடலாம். அவர் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றித்தான் கொண்டுபோய் விடுவார். வழியெல்லாம் திடீர் திடீரென்று பிரேக் அடிப்பார். பின்னால் உட்கார்ந்திருப்பவள் வந்து முதுகில் மோதுவாள்.

"என்ன ஆச்சு?" என்பாள்.

"நாய் குறுக்க வந்துச்சு."

"எங்க? நான் பார்க்கலையே."

"ஓடிடுச்சு."

அடுத்த பிரேக்கில் மறுபடி நாய். ஒரு தடவை அவள், "என்ன கலர்?" என்று கேட்டுவிட்டாள். மாஸ்டர், "செவலை" என்று ஏதோ உளறினார். "நான் நடந்து வரும்போது ஒரு நாய்கூட இருக்கறதில்ல, நீங்க வந்தா மட்டும் எங்கேர்ந்துதான் வருதோ" என்று அவள் ரொம்ப அக்கறையாகக் கேட்டாள். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று அவருக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. கேட்டதும் இல்லை. கல்யாணமாகி, பெண் பிறந்து, சொந்தமாக வண்டி வாங்கி, இரண்டு பேருக்கும் நடுவில் பெண்ணும் காய்கறிப் பையும் உட்கார ஆரம்பித்ததும் நாய்கள் எல்லாம் எங்கே போயின என்றே தெரியவில்லை. அப்புறம் வந்த வருஷங்களில் அவள் ஷிஃப்ட்டுக்கு பஸ்ஸில் போனாள், அவர் கிளாசுக்குக் காரில் போனார். எதிரெதிரே கடந்து போகும்போது இவர் ஹாரன் அடிப்பார். அவ்வளவுதான் அந்தக் காலத்துக் காதல். அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் அவர் நடு வயசு வைத்தியத்தைத்தான் செய்து பார்த்தார். கடைக்குப் போய் ஒரு கைப்பை வாங்கி வந்தார். நல்ல பை, உள்ளே நிறைய அறைகள். அவள் திறந்து பார்த்தாள், "நல்லா இருக்கு" என்றாள், துடைத்துத் துடைத்துப் பளபளவென்று இருந்த அலமாரியில் வைத்து மூடினாள். முன்னெல்லாம் அதோடு பிரச்சினை முடிந்துவிடும். அல்லது முடிந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டு பேப்பர் படிக்கப் போய்விடுவார். இந்தத் தடவை பேப்பரில் எழுத்து ஓடவில்லை.

அடுத்து இளவட்ட வைத்தியம். அவள் பழைய வார்டுத் தோழியைப் பார்க்கக் கிளம்பியபோது இவரும் பின்னாலேயே போனார். பஸ் ஸ்டாப்பில் அவளுக்கு எதிர்ச்சாரியில், கம்பத்தில் சாய்ந்துகொண்டு நின்றார். அந்தக் காலத்தில் அப்படி நின்றால் அவள் தலை குனிந்து சிரிப்பாள். இப்போது அவள் பஸ் வருகிறதா என்று பார்த்தாள். பஸ் வந்தது. இவர் ஓட்டமும் நடையுமாக ரோட்டைக் கடந்து கடைசி ஆளாகத் தொற்றி ஏறினார். மூச்சு வாங்கியதைப் பார்த்து ஒரு கல்லூரிப் பெண் சட்டென்று எழுந்து, "உட்காருங்க தாத்தா" என்று இடம் கொடுத்தாள். மாஸ்டர் முகத்தில் அசடு வழிந்தது. இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"எங்க போறீங்க?"

"சும்மாதான்."

"அடுத்த ஸ்டாப்புல இறங்குங்க. கிளாசுக்கு ஆள் வந்து காத்துக்கிட்டிருப்பாங்க."

இறங்கினார். ஆனால் கிளாசுக்குப் போகவில்லை, ஸ்கூல் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக மெக்கானிக் ஷெட்டுக்குப் போனார். மெக்கானிக்குக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது. வாய் ஓயாமல் பேசுவதால் அவனுக்கு சைலன்சர் என்று பெயர். அந்தப் பெயரை வைத்ததே மாஸ்டர்தான். ஒரு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே காதில் போனை மாட்டிப் பொண்டாட்டியிடம், சாப்பிட்டாயா, என்ன பண்ணுகிறாய், நான் என்ன பண்ணுகிறேன் தெரியுமா என்று பேசிக்கொண்டிருந்தான். மாஸ்டரைப் பார்த்ததும் வெளியே உருண்டு வந்தான். விஷயத்தை அரைகுறையாகக் கேட்டதுமே யோசனைகளைக் கொட்டினான்.

"ஸ்டேட்டஸ் போடுங்க மாஸ்டர். பழைய போட்டோ ஒண்ணை எடுத்து, மேல ரெண்டு வரி எழுதி, ஒரு பாட்டைச் சேர்த்து விட்டீங்கன்னா, முடிஞ்சுச்சு. என் வீட்டுல அப்படித்தான். போடலன்னாதான் சண்டையே."

"அவ போன்ல அதெல்லாம் பார்க்க மாட்டாடா."

"பூங்கொத்து?"

"நீ வாயை மூடிக்கிட்டு ஸ்பேனரை எடு" என்றார் மாஸ்டர். "என் பக்கத்துப் பெடல் ரெண்டையும் கழட்டு."

சைலன்சர் அந்த நாளில் முதல்முறையாகப் பேச்சை நிறுத்தினான். "ஸ்கூல் வண்டி மாஸ்டர். அது இல்லாம நீங்க எப்படி?"

"திங்கக்கிழமை காலையில திரும்ப மாட்டிக்கலாம். இப்பக் கழட்டு."

அவன் குனிந்து வேலை செய்கிறவரை மாஸ்டர் பக்கத்திலேயே நின்றார். ஒவ்வொரு போல்ட்டும் கழலக் கழல, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஏதோ போல இருந்தது. எத்தனை பேருடைய உயிரைக் காப்பாற்றிய பெடல்கள். ரப்பர் தேய்ந்து, அவர் கால் வடிவத்துக்கே பள்ளம் விழுந்திருந்தது. இனிமேல் அந்த சீட்டில் உட்கார்ந்தால் அவரும் எல்லாரையும் போல ஒரு பயணிதான். "என்ன மாஸ்டர், வேர்க்குது உங்களுக்கு?" என்றான் சைலன்சர். மாஸ்டர் அவற்றைப் பழைய பேப்பரில் சுற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

சமையலறை மேஜையில் அந்தப் பொட்டலத்தை வைத்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பிரித்தாள். கிரீஸ் படிந்த இரண்டு இரும்புத் துண்டுகள், அவற்றோடு ஒரு வளைந்த கம்பி. அவள் ஒன்றை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய விரல்களில் கறுப்பு ஒட்டிக்கொண்டது. இந்த வயசில் ஒரு பெண்ணுக்கு இப்படி ஒரு பரிசைக் கொண்டுவந்து கொடுத்த ஆம்பிளை வேறு யாராவது இருப்பானா என்று மாஸ்டருக்கே சந்தேகமாக இருந்தது.

"இது என்ன?"

"என் பக்கத்துப் பெடல். இப்ப வண்டியில ஒரே ஒரு பிரேக்தான் இருக்கு. உன் பக்கத்துல."

அவள் கையிலிருந்ததைப் பேப்பர் மேல் திரும்ப வைத்தாள்.

"திங்கக்கிழமை நீ அங்கயே போ. நான் வேணாம்னு சொல்லல. அங்க இருக்கறவனும் நல்லாத்தான் சொல்லிக்கொடுப்பான். நாளைக்கு ஒரு நாள் மட்டும் என்னோட வர்றியா?" கேட்டுவிட்டு மாஸ்டர் அவள் முகத்தையே பார்த்தார். ஆஸ்பத்திரி கேட்டில் நின்று முதல் தடவை கேட்டபோதும் இதே மாதிரித்தான் பார்த்தார். அன்றைக்கு வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் சிலிண்டரோடு சேர்ந்து வெடித்துச் செத்திருப்பேன் என்று அப்போது வீர வசனம் பேசித் திரிந்தார். இப்போது அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. வரமாட்டேன் என்றால், சரி என்று சொல்லிவிட்டு, போய்ப் படுத்துக்கொள்வார். ஆனால் தூக்கம் வராது.

"கையைக் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றாள் அவள். அப்புறம், "காலையில வெயில் ஏறறதுக்குள்ள போயிடணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கிடங்குகள் இருக்கிற பக்கம் போனார்கள். அங்கே ரோடு அகலம், விடுமுறை நாளில் நடமாட்டமும் குறைவு. மாஸ்டர் தன் பக்கம் ஏறி உட்கார்ந்தார். பெடல் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன. அவள் சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், சாவியைப் போட்டாள். கிளட்சை விட்டதும் வண்டி தவளை மாதிரி ஒரு துள்ளு துள்ளி ஆஃப் ஆனது. மறுபடி போட்டாள். மறுபடி துள்ளியது. மூன்றாவது தடவை குலுங்கிக் குலுங்கி நகர்ந்தது. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தார்.

முதல் திருப்பத்தில் 'டொக்' என்று சத்தம் கேட்டது.

"என்ன சத்தம்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

அடுத்த திருப்பத்திலும் 'டொக்'. அவள் வண்டியை ஓரம் கட்டினாள். அவர் காலைப் பார்த்தாள். இல்லாத பிரேக்கை மாஸ்டரின் வலது கால் தரையோடு தரையாக அழுத்திக்கொண்டிருந்தது.

"காலை மேல தூக்குங்க."

"எங்க தூக்கறது?"

"சீட்டு மேல. சம்மணம் போட்டு உட்காருங்க."

"முட்டி வலிக்கும்டி."

"கொஞ்சம் வலிக்கும்" என்றாள் அவள். "தளர்வா வச்சுக்கோங்க."

ஊருக்கே வண்டி சொல்லிக்கொடுத்த மாஸ்டர், செருப்பை சீட்டுக்கு முன்னால் கழற்றி வைத்துவிட்டு, கார் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கணுக்காலையும் கையால் பிடித்துக்கொண்டார். பெல்ட் தொந்தியில் ஏறி உட்கார்ந்தது. சைக்கிளில் போன ஒரு ஆள் இந்தக் கோலத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். யாராவது தெரிந்தவன் பார்த்தால் இன்றோடு தொலைந்தேன் என்று மாஸ்டர் நினைத்தார். அப்புறம் அந்த நினைப்பும் போய்விட்டது, ஏனென்றால் அவள் இரண்டாவது கியர் போட்டிருந்தாள்.

கிடங்கு வாசலிலிருந்து ஒரு தண்ணீர் லாரி பின்பக்கமாகவே ரோட்டுக்கு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வரவில்லை, ஒரேயடியாக வந்தது. மாஸ்டர் பார்த்துவிட்டார். அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை. 'அடி' என்று கத்த வாய் வந்தது. கத்தினால் இதுவும் அவர் மிதித்த கணக்குத்தான். உதட்டைக் கடித்தார். லாரியின் பின்பக்கக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவது தெரிகிற அளவு கிட்டே வந்துவிட்டது. கணுக்காலைப் பிடித்த விரல்கள் வெளுத்துவிட்டன. கண்ணை மூடிக்கொண்டார். வாழ்க்கையில் வண்டிக்குள் உட்கார்ந்து அவர் கண்ணை மூடியது அதுதான் முதல் தடவை.

வண்டி நின்றது. முன்னால் ஒரு இழுப்பு, பின்னால் ஒரு உதறல், இன்ஜின் ஆஃப். கண்ணைத் திறந்தபோது லாரிக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நிதானமாக நடந்து போகிற இடம் இருந்தது. அவள் காலைப் பார்த்தார். பெடலை அடிவரைக்கும் அழுத்தி, இன்னும் எடுக்காமல் வைத்திருந்தாள். கையும் நடுங்கியது. பின்னால் வந்த வேன்காரன் ஹாரனில் கையை வைத்துவிட்டு எடுக்கவேயில்லை. மாஸ்டருக்கு இறங்கிப் போய் அவன் சட்டையைப் பிடிக்கலாமா என்று இருந்தது. இறங்கவில்லை. அவள் மூச்சை இழுத்து விட்டாள். நியூட்ரல் போட்டாள். சாவியைத் திருப்பினாள். வேன்காரன் கத்திக்கொண்டே இருந்தான். அவள் கண்ணாடியில் அவனை ஒரு தடவை பார்த்தாள், வார்டில் கூச்சல் போடுகிற பார்வையாளர்களை இப்படித்தான் பார்த்திருப்பாள் போலிருக்கிறது, பிறகு கிளட்சை மெதுவாக, ரொம்ப மெதுவாக விட்டாள். வண்டி ஒரு துள்ளல் இல்லாமல் நகர்ந்தது.

மாஸ்டருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் பாடத்தில் கண் கலங்கியவர்கள் எத்தனையோ பேர், கடைசியில் அவரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். பெருமையாகவும் இருந்தது. அவள் தானாகவே ஓட்டிவிட்டாள் என்பது சந்தோஷம், தன் கால் இல்லாமலே ஓட்டிவிட்டாள் என்பதில் எங்கோ ஒரு ஓரத்தில் சின்னதாக ஒரு வலி. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

கிடங்குகள் முடிந்து ரோடு நீளமாகப் போனது. இரண்டு பக்கமும் வெறும் காலி மனைகள். முன்னால் ஒரு வண்டி இல்லை, பின்னால் வந்த வேனும் வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டது. அவள் மூன்றாவது கியர் போட்டாள், மாஸ்டர் சொல்லாமலே. வண்டி சீராக ஓடியது. காற்று உள்ளே வந்தது. மாஸ்டர் கணுக்காலைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முட்டி வலிப்பதுகூட மறந்துபோயிருந்தது.

அவள் சட்டென்று பிரேக் அடித்தாள்.

மாஸ்டர் முன்னால் போய், பெல்ட் இழுக்க, இரண்டு கையையும் டேஷ்போர்டில் ஊன்றி, அப்படியே பக்கவாட்டில் சரிந்து அவள் தோளில் மோதினார். வண்டி நடுரோட்டில் நின்றது. இன்ஜின் ஆஃப் ஆகவில்லை. கிளட்சையும் சேர்த்து அழகாக மிதித்திருந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றார் பதறிப்போய்.

"நாய் குறுக்க வந்துச்சு."

மாஸ்டர் முன்னால் பார்த்தார். ரோடு வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். காலி மனைகளில் ஒரு காக்காய்கூட இல்லை. அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரொம்பச் சிரத்தையாக, நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கலர்?" என்றார் மாஸ்டர். குரல் அவருக்கே கேட்காத மாதிரி வந்தது.

"செவலை" என்றாள்.

அவள் முதல் கியர் போட்டாள். மாஸ்டர் அவள் தோளிலிருந்து உடனே நிமிரவில்லை. பிரேக் அடித்த வேகத்தில் அவர் செருப்புகள் இரண்டும் முன்னால் சறுக்கிப் போய், பெடல்கள் இருந்த அந்த இரண்டு ஓட்டைகளுக்கு மேலே ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அவர் அவற்றை எடுக்கவில்லை.